சிஸ்டர் ஏலம் கேட்ட வீடு

எந்தப் பொருளும் தன் கண்ணெதிரே மலிவாகப் போவதை சிஸ்டரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வாங்குகிறவர் அவரேதான் என்றாலும் முடியாது. இதைக் குணம் என்பதா நோய் என்பதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. நோய் என்றால், நோயாளியைத் தவிர சுற்றியிருந்த எல்லோரும் அவதிப்பட்ட நோய் அது.

சிஸ்டர் என்றால் மடத்துக் கன்னியாஸ்திரி அல்ல. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள், மீதிப் பேர் அவர் கையால் ஊசி போட்டுக்கொண்டவர்கள். அதனால் எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான், கட்டின கணவருக்குக்கூட. பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அந்த மனிதரை ஊர் ‘சார்’ என்றது. சிஸ்டரும் சார் என்றுதான் கூப்பிடுவார். பிள்ளைகள் இல்லை. மார்த்தாண்டத்திலிருந்து பஸ்ஸில் கொஞ்சம் உள்ளே போனால், பன்னிரண்டு சென்ட் இடத்தில் சிஸ்டருடைய அப்பா கட்டிய ஓட்டு வீடு. அதை ஒட்டிப் பிறகு காங்கிரீட்டில் எழுப்பிய இரண்டு அறைகள். கல்லூரியில் வேலை கிடைத்து திருநெல்வேலியிலிருந்து வந்த நான், அந்த இரண்டு அறைகளில் ஐந்தாறு வருடம் வாடகைக்கு இருந்தேன்.

சிஸ்டரை முழுமையாகப் பார்க்க வேண்டுமானால் அவருடைய சர்ச்சில் அறுப்பின் பண்டிகை நடக்கிற அன்றைக்குப் பார்க்க வேண்டும். நான் அம்மன் கோயிலுக்குப் போகிற ஆள். ஆனாலும் அந்த ஏலத்தை மட்டும் ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. சபையார் அவரவர் தோட்டத்தில் விளைந்ததைக் கொண்டுவந்து ஆலயத்தில் படைப்பார்கள். ஏத்தன் வாழைக்குலை, மரச்சீனி என்று அங்கே சொல்கிற மரவள்ளிக் கிழங்கு, சக்கைப்பழம், கால் கட்டின சேவல். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். பணம் ஆலயத்துக்கு.

நான் பார்த்த முதல் வருடம், யாரோ கொண்டுவந்த வதங்கிப்போன மரச்சீனி ஏலத்துக்கு வந்தது. கேட்க ஆள் இல்லை. சிஸ்டர் “அம்பது” என்றார். ஏலம் விடுகிறவர் நிம்மதியாக, “அம்பது ஒரு தரம், அம்பது ரெண்டு தரம்” என்று சொல்லி மூன்றாம் தரத்துக்கு வாயைத் திறப்பதற்குள், “அறுவது!” என்று ஒரு சத்தம். அதுவும் சிஸ்டர்தான்.

“சிஸ்டர், அம்பது கேட்டதும் நீங்கதானே?”

“அது எனக்குத் தெரியாதாடே? அம்பது கொறச்சலாட்டு இருக்கு. நட்டு, தண்ணி விட்டு, சொமந்து கொண்டு வந்திருக்காவல்லா? அதுக்கொரு மதிப்பு வேண்டாமா? எழுவது!”

பின்னால் சார் குடையோடு நிற்பார். வெயிலுக்காக அல்ல. சிஸ்டர் தன்னைத் தானே மிஞ்சத் தொடங்கியதும் குடை நுனியால் முதுகில் ஒரு குத்து. சிஸ்டர் கையால் தட்டிவிட்டு, “எம்பது” என்பார். ஏலம் விடுகிறவர் அவசர அவசரமாக மூன்று தரத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார். எண்பது ரூபாய் மரச்சீனியை அன்றைக்கு ராத்திரி மூவரும் சாப்பிட்டோம். நார் நாராக இருந்தது. “மதிப்பான கிழங்கு” என்றார் சிஸ்டர். சார் நாரைத் தட்டின் ஓரத்தில் எடுத்து வைத்தார்.

ஆலயத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மீன்காரி வருவாள். “சாளை கிலோ நூத்தம்பது” என்று மற்ற வீடுகளில் சொல்லிக்கொண்டு வருகிறவள், சிஸ்டர் வாசலுக்கு வந்ததும், “நூறு தந்தா போதும் சிஸ்டர்” என்பாள். சிஸ்டருக்குப் பொறுக்காது. “விடியக்காலம் கடலுக்குப் போய் உயிரக் குடுத்துப் பிடிச்ச மீனு நூறா? ஏட்டி, உனக்கு வெவரம் இல்லியா?” என்று நூற்றெழுபது கொடுத்து அனுப்புவார். விவரம் யாருக்கு இல்லை என்பது மீன்காரிக்கும் சாருக்கும் எனக்கும் தெரியும்.

ஒருமுறை எனக்குக் காய்ச்சல். சிஸ்டர் வந்து தெர்மாமீட்டர் வைத்தார். நூறு காட்டியது. அதை உதறிவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் நூறு. “ராத்திரி முழுக்க அனத்தினதுக்கு வெறும் நூறா? இது கேடாயிப் போச்சு மக்கா. உனக்கு நூத்திரெண்டுக்குக் கொறையாது” என்றார். காய்ச்சலோடு கிடந்தவளுக்கு அதைக் கேட்டு ஒரு பெருமை வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. பிரசவ வார்டில் இருந்த காலத்திலும் அப்படித்தானாம். குறிப்பில் தராசு காட்டியதைத்தான் எழுதுவார், ஆனால் வெளியே வந்து தாயிடம், “ரெண்டரைன்னு காட்டுது, ஆனா கையில எடுத்தா மூணு கிலோ கனம் இருக்கு பாத்துக்க” என்பாராம். அந்த ஊரில் தான் பிறக்கும்போது மூன்று கிலோ என்று நம்பிக்கொண்டிருக்கிற ஒல்லிப்பிச்சான்கள் ஏராளம்.

இப்படிப்பட்ட ஒருவர் வீட்டுக்கு முன்னால்தான் நாலுவழிச் சாலை வந்தது.

சரியாகச் சொன்னால் வீட்டுக்கு முன்னால் அல்ல, கூப்பிடு தூரத்தில். அது போதும். ஊருக்கே சென்ட் பைத்தியம் பிடித்தது. முன்பெல்லாம் ஒருவரை ஒருவர் பார்த்தால் “சாயா குடிச்சாச்சா?” என்று கேட்பார்கள். இப்போது “உங்க பக்கம் சென்டுக்கு எவ்வளவு?” ஒரு அடக்கத்துக்குப் போயிருந்தபோது, மண் போட்டுவிட்டுக் கை கழுவிய ஒருவர் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிலும் பார்த்து, “ரோட்டு முகப்பு இருக்கு, சென்டு ஏழு லட்சத்துக்குப் போவும்” என்றதை நானே கேட்டேன்.

ஒரு புரோக்கர் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே, “சென்டுக்கு நாலு லட்சம் தருவாவ சிஸ்டர்” என்றார். விற்கிற எண்ணமே இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். அதைத்தான் எந்த மனிதரும் செய்வார்.

“நாலா?” என்றார் சிஸ்டர். “எங்கப்பாவுக்க வீடு நாலா? எறங்குடே வண்டிய விட்டு.”

புரோக்கரை உள்ளே கூட்டிப்போய் ஆஞ்சிலி மரத்தில் செய்த கதவைத் தட்டிப் பார்க்கச் சொன்னார். உத்தரத்தைக் காட்டினார். கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க வைத்தார். “இப்பம் சொல்லு” என்றார். புரோக்கர் நாலரை என்றார். சிஸ்டர் வாசலைக் காட்டினார். அடுத்த வாரம் அவர் ஐந்தோடு வந்தார். பிறகு ஐந்தரை. ஏழுக்கு வந்த அன்றைக்குத்தான் அவருக்கு சாயா கிடைத்தது.

“அப்பம் குடுத்துருவியளா சிஸ்டர்?”

“யாரு குடுக்கா? நான் விக்கேன்னு சொன்னேனா? வெலைய ஒழுங்கா சொல்லணும்லா, அதுக்காக்கும் இவ்வளவு நேரம் பேசினேன்.”

இரும்பு மாதிரி பேரம் பேசுகிற அம்மா என்று புரோக்கர் ஊர் முழுக்கச் சொன்னார். அந்தத் தெருவில் எல்லோருடைய நிலத்துக்கும் சிஸ்டர் ஏற்றிவிட்ட விலையே விலையானது. அக்கம்பக்கத்தார் சிஸ்டரைப் பார்த்தால் எழுந்து நிற்கத் தொடங்கினார்கள். அவரும் மாலையில் தெருவில் நடந்துபோகும்போது தலையைக் கொஞ்சம் நிமிர்த்தியே நடந்தார்.

அந்த விலை நாகர்கோவில் வரைக்கும் போனது. அங்கே சிஸ்டருடைய அண்ணன். கோயம்புத்தூர் வரைக்கும் போனது. அங்கே தங்கை. அப்பா எழுதிவைக்காமல் போன வீடு என்பதால் மூன்று பேருக்கும் சம பங்கு உண்டு. இத்தனை வருடம் அதை யாரும் நினைத்ததில்லை. சென்டுக்கு ஏழு என்று கேள்விப்பட்ட பிறகு நினைக்காமல் இருக்க முடியவில்லை. அண்ணனுக்குக் கடையில் கடன் இருந்தது. தங்கைக்கு மகனை வெளிநாட்டில் படிக்க வைக்க வேண்டியிருந்தது. இரண்டு பேரும் நல்லவர்கள்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டை விற்றுப் பங்கு பிரித்துக்கொள்ளலாமா என்று பேசுவதற்காக ஒரு சனிக்கிழமை வந்தார்கள்.

“எல்லாம் நீ ஏத்திவிட்டதாக்கும்” என்றார் சார். அவர் நீளமாகப் பேசி நான் கேட்டது அதுதான்.

அன்றைக்குக் காலையில் சிஸ்டர் என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். “மக்கா, எனக்கு இந்த வீட்ட விட்டா வேற எடம் தெரியாது. சாருக்கு ராத்திரி எழும்பினா வெளக்கு போடாம நடக்கத் தெரியது இந்த வீட்டுல மட்டுந்தான்” என்றார். இந்த அம்மாவை ஒரு அடுக்கு மாடியில் ஏற்றி உட்கார வைத்தால் பட்டுப்போவார் என்று தோன்றியது.

அண்ணனுக்கும் தங்கைக்கும் அந்த முகத்தைப் பார்த்ததும் அதுவே தோன்றியிருக்க வேண்டும். கிணற்றடியில் நின்று ரொம்ப நேரம் பேசிக்கொண்டார்கள். உள்ளே வந்து அண்ணன் சொன்னார்: “பிள்ளே, நாங்க ரெண்டுவேரும் எங்க பங்க விட்டு விடுதலைப் பத்திரம் எழுதித் தந்துருதோம். பைசா ஒண்ணும் வேண்டாம். நீ இரி.”

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பார்கள்.

“பைசா வேண்டாமா?” என்று சிஸ்டர் எழுந்துவிட்டார். “எங்கப்பா ரத்தத்த வேர்வையாக்கிக் கட்டின வீடு இனாமா? வதங்கின கெழங்குக்குக்கூட ஒரு வெல உண்டு. இனாமா எனக்கு வேண்டாம்!”

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் தங்கச்சியைச் சிறு வயதிலிருந்தே அறிந்தவர். “செரி. அப்பம் நமக்குள்ள ஏலம் விடுவோம்” என்றார். பங்காளிகளுக்குள் இப்படி ஏலம் விடுவது அந்தப் பக்கத்தில் நடக்கிற காரியம்தான். யார் அதிகம் கேட்கிறார்களோ அவர்கள் வீட்டை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு அவரவர் பங்கைக் கொடுத்துவிட வேண்டும். சாரைத் தனியே அழைத்து உங்களால் எவ்வளவு முடியும் என்று அண்ணன் கேட்டார். ஓய்வுப் பணமும் நகையும் சேர்ந்தால் சென்டுக்கு மூன்று லட்சம் தாங்கும் என்றார் சார். அப்படியானால் சிஸ்டர் மூன்று கேட்பது, மற்ற இருவரும் வாயைத் திறக்காமல் இருப்பது, கதை முடிந்தது. சந்தை விலையில் பாதிகூட இல்லை. இதைவிட நல்ல அண்ணன் தங்கை எங்கே கிடைப்பார்கள் என்று நான் மகிழ்ந்துபோய் அடுக்களைக் கதவில் சாய்ந்து நின்றேன்.

அண்ணன் ஒரு எவர்சில்வர் தம்ளரைக் கவிழ்த்துப் பிடித்து மேசையில் தட்டினார். சிஸ்டர் சேலையைச் சரிசெய்துகொண்டு, “மூணு” என்றார்.

“சென்டுக்கு மூணு ஒரு தரம்.” தங்கை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூணு ரெண்டு தரம்.”

சிஸ்டர் அண்ணனைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். முகத்தில் ஒரு படபடப்பும் வெப்ராளமும் ஏறுவதை நான் பார்த்தேன். சார் குடையைத் தேடினார். அது முன்னறையில் இருந்தது.

“மூணரை!” என்றார் சிஸ்டர்.

“ஏட்டி, மூணு கேட்டது நீதான்!”

“ஒருத்தரும் கேக்கலேன்னா எங்கப்பா வீடு அவ்வளவுக்குத்தானா? நாலு!”

“மிண்டாம இரு பிள்ளே, நான் முடிச்சுருதேன். நாலு ஒரு தரம்...”

“போன மாசம் வந்த புரோக்கரே ஏழு சொன்னான், பெத்த மக்க நாம நாலுல நிப்போமா? நாணக்கேடு! அஞ்சு!”

சார் சிஸ்டரின் கையைப் பிடித்து இழுத்தார். தங்கை, “அக்கா, வாய மூடு” என்று கெஞ்சினார். ஆறு. ஏழு. ஏழு என்றதும் புரோக்கர் விலையிலா நிற்பது என்ற ரோஷத்தில் எட்டு. ஒன்பது வந்துவிடுமோ என்ற பயத்தில் அண்ணன் “ஒருதரம்ரெண்டுதரம்மூணுதரம்” என்று கத்தித் தம்ளரை அடித்தார். தம்ளர் நசுங்கியது.

சிஸ்டரின் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். “எட்டு! எங்கப்பா வீடு எட்டுக்குப் போச்சு!” சார் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சிஸ்டர் தாழ்ந்த குரலில் கேட்டார்: “சார், நம்மகிட்ட எவ்வளவு கெடக்கு?”

விளையாட்டுக்கு விட்ட ஏலம்தானே, மூன்றே போதும் என்று அண்ணன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். சிஸ்டர் அசையவில்லை. “ஆலயத்துல கேட்டுட்டு வீட்டுல போய்க் கொறைக்க முடியுமா? கேட்டது கேட்டதாக்கும். எட்டுக் கணக்குல உங்க பங்கு ரெண்டும் வந்து சேரும்.” எங்கிருந்து வந்து சேரும் என்று யோசித்தால் ஒரே ஒரு வழிதான் இருந்தது. வாங்கின வீட்டுக்குப் பணம் கொடுக்க அந்த வீட்டையே விற்க வேண்டும்.

எனக்கு அவர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நானும் வேறு வாடகை வீடு பார்க்கத் தொடங்கினேன். சிஸ்டரே புரோக்கருக்குப் போன் செய்து ஆள் கொண்டுவரச் சொன்னார். ஆட்கள் வந்தார்கள். ஏழு என்றார்கள், ஏழரை என்றார்கள். எட்டுக்குக் கேட்ட வீட்டை ஏழரைக்கு எப்படிக் கொடுப்பது? வந்தவர்கள் எல்லாம் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்கள். ஆனால் சிஸ்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலங்களில் சுவரைத் தடவிக்கொண்டு அறை அறையாக நடப்பார். சார் பின்னாலேயே நடப்பார்.

கடைசியாக டைல்ஸ் கடைக்காரர் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, மரியாதையான பேச்சு. கதவைத் தட்டிப் பார்க்கவில்லை, உத்தரத்தைப் பார்க்கவில்லை, தண்ணீரும் வேண்டாம் என்றுவிட்டார். முற்றத்தில் நின்று சாலையை மட்டும் பார்த்தார்.

“சிஸ்டர், நான் பேரம் பேசல்ல. நீங்களே ஒரு வெல சொல்லுங்க. எட்டுன்னாலும் செரி, ஒம்பதுன்னாலும் செரி.”

சிஸ்டர் வாயைத் திறந்து மூடினார். மேலே ஏற்றுவதற்கு ஒரு விலை வேண்டும் அவருக்கு. விற்கிறவராக நின்று முதலில் விலை சொல்லிப் பழக்கமில்லை. “வீட்ட உள்ள வந்து பாக்கலியே?” என்றார்.

“வீடு எதுக்கு சிஸ்டர்? இடிச்சுட்டு ஷோரூம் கெட்டப் போறேன்.”

“அப்பம் இந்த வீட்டுக்கு எவ்வளவு போடுதிய?”

அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் போலிருக்கிறது. “பழைய வீட்டுக்குன்னு தனியா வெல ஒண்ணும் கெடையாது. மண்ணுக்குத்தான் வெல. இடிச்சு வாருத செலவே என் தலையிலதான.”

“இதுவரைக்கும் வந்தவங்க சொன்னதெல்லாம்?”

“எல்லாம் மண்ணுக்குத்தான் சிஸ்டர்.”

அவர் போன பிறகு சிஸ்டர் முற்றத்திலேயே நின்றார். கூப்பிட்டேன், திரும்பவில்லை. அழுகிறாரோ என்று கிட்டப் போனேன். அழவில்லை. கோபமாக இருந்தார்.

“கேட்டியா மக்கா? ஒரு பயலும் எனக்க வீட்ட வெல கேக்கல்ல. ஒருத்தனும். நான் பாட்டுக்கு மண்ணுக்கு ஏலம் கேட்டுக்கிட்டு கெடந்திருக்கேன்!” என்றார். பிறகு, “அண்ணனுக்குப் போன் போடு. கோயம்புத்தூர்காரியையும் அதுலயே சேத்துப் போடு” என்றார்.

போட்டேன். ஸ்பீக்கரை அழுத்திச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

“அண்ணா, அண்ணைக்கு விட்ட ஏலம் செல்லாது. சாமான மாத்திக் காட்டினா ஆலயத்துலயும் திருப்பி விடுவாவ. அது மண்ணாக்கும். மண்ணு எனக்கு வேண்டாம். இப்பம் வீட்ட ஏலம் விடு.”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. “செரி பிள்ளே. வீட்டுக்கு என்ன கேக்குத?”

“மூணு.”

சாரால் அங்கே நிற்க முடியவில்லை. குடையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.

“சென்டுக்கு மூணு, ஒரு தரம்.”

சிஸ்டர் சேலைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

“மூணு... ரெண்டு தரம்.” கோயம்புத்தூரிலிருந்து மூச்சுச் சத்தம்கூட வரவில்லை. சிஸ்டர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். உள்ளே ஏதோ திமிறியது. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் நீர் வழிந்தது. ஒரு மனுஷி இவ்வளவு பாடுபட்டு ஒரு வார்த்தையை விழுங்கி நான் பார்த்ததில்லை.

“மூணு தரம்! முடிஞ்சாச்சு!”

கோயம்புத்தூர் ஓவென்று அழுதது. நானும் அழுதேன். முற்றத்திலிருந்து சார் ஓடி வந்தார். சிஸ்டர் கையை எடுத்தார், மூச்சு வாங்கினார், போனை நோக்கிக் குனிந்தார்.

“ஏன் அண்ணா,” என்றார் தேம்பிக்கொண்டே, “நீயாவது ஒரு மூணேகால் கேட்டிருக்கப்பிடாதா? எங்கப்பா வீட்ட இப்பிடியா அடிமாட்டு வெலைக்கு விடுவிய?”